மூன்று வரி ஒப்பந்தம்: செட்டிநாட்டில் எடுத்த ஒரு குறுந்தொடரின் வழக்கு

அந்தக் குறுந்தொடருக்கு எழுத்தில் இருந்த ஒப்பந்தம் இவ்வளவுதான்: “மூணு பேரும் சேர்ந்து பண்றோம். வர்ற லாபத்தைச் சமமாப் பிரிச்சுக்குவோம். செலவை இப்போதைக்கு நான் பாத்துக்கிறேன்.” பணம் போட்டவர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தி இது. மற்ற இருவரும் கட்டைவிரலைத் தட்டிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். ஆறு பாகம் எடுத்து முடித்து, மூன்று பாகம் யூடியூபில் ஏறி, சென்னையிலிருந்து ஓர் ஓடிடி நிறுவனம் விலை பேச வந்த பிறகுதான் இந்த மூன்று வரியில் என்னவெல்லாம் இல்லை என்பது தெரிந்தது.

ஒரே ஒரு தகராறை அப்படியே எடுத்து இங்கே வைக்கவில்லை. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வக்கீல் தொழிலில் பார்க்கிற இந்த மாதிரி விவகாரங்களைச் சேர்த்து ஒரே வழக்காக்கி, ஆட்களும் ஊரும் அடையாளம் தெரியாதபடி எழுதியிருக்கிறேன். சட்டப் பிரிவுகளில் மட்டும் கை வைக்கவில்லை.

யார், என்ன

இயக்குநர் காரைக்குடியில் கல்யாண வீடியோ எடுப்பவர். கதை அவருடையது. ஏழு பங்காளிகள் பொதுவீட்டில் கூடி, பர்மாத் தேக்குத் தூண்களை விற்பதா வேண்டாமா என்று ஒரு பகல் முழுக்கச் சண்டை போடுகிறார்கள். நல்ல நகைச்சுவை. இரண்டாமவர் கேமராக்காரர். கேமரா, லென்ஸ், விளக்கு, எடிட்டிங் எல்லாம் அவருடையவை. மூன்றாமவர் தேவகோட்டையில் குடும்ப வியாபாரம் பார்ப்பவர், பணம் அவருடையது. படம் பிடித்தது கானாடுகாத்தானுக்குப் பக்கத்து ஊரில் உள்ள அவருடைய அப்பச்சி (அப்பா) வழிப் பொதுவீட்டில். புதுக்கோட்டைப் பையன் ஒருவர் தலைப்புப் பாட்டும் பின்னணி இசையும் போட்டார். அவருக்கு மொத்தமாக ஒரு தொகையை ஜிபேயில் அனுப்பி, குறிப்பில் “பாட்டுக்கு” என்று போட்டிருந்தார்கள். நடித்தவர்கள் நாடகக் கலைஞர்கள், நாள் சம்பளம்.

ஓடிடி நிறுவனம் கேட்டது ஒன்றும் அநியாயம் இல்லை. கதை உரிமை எழுதிக்கொடுத்த பத்திரம், இசை உரிமைப் பத்திரம், நடிகர்களின் எழுத்துச் சம்மதம், வீட்டுக்காரர் அனுமதிக் கடிதம், தயாரிப்பாளர் யார் என்பதற்கு ஆதாரம், வில்லங்கம் இல்லை என்று ஓர் உறுதிமொழி. இவற்றில் ஒன்றுகூட இவர்களிடம் இல்லை.

காகிதத்தைத் தேடப் போனபோதுதான் சண்டை மூண்டது. கேமராக்காரர், “என் சாமானுக்கு வாடகை, எடிட்டிங்குக்குச் சம்பளம் வந்தால்தான் ஹார்ட் டிஸ்க்கைத் தருவேன்” என்றார். கதையைத் தான் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை, வேறு இடத்தில் முழுப்படமாக எடுக்கப் போவதாக இயக்குநர் சொன்னார். யூடியூப் சேனலும், அதன் விளம்பர வருமானம் வந்து சேரும் ஆட்சென்ஸ் கணக்கும் பணம் போட்டவர் பெயரில் இருந்தன. அவர் கடவுச்சொல்லை மாற்றிவிட்டார். இதற்கு நடுவில் மூன்று பாகத்துக்கும் பதிப்புரிமைக் கோரிக்கை வந்து விளம்பர வருமானம் வேறு கைக்குப் போக ஆரம்பித்தது. கோரியது அவர்களுடைய தலைப்புப் பாட்டு. அப்புறம் சிங்கப்பூரில் இருக்கும் பங்காளி ஒருவர் வக்கீல் நோட்டீஸ் அனுப்பினார்.

இந்த ஊர்க்காரர்களுக்கு எழுதி வைப்பது புதிதா என்ன? கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்ற திருமணப் பதிவு எழுதிக் கையெழுத்துப் போடுகிற ஊர். பர்மாவுக்கும் மலாயாவுக்கும் ஆள் அனுப்பிய காலத்தில் சம்பளச் சீட்டு இல்லாமல் ஒருவரும் கப்பல் ஏறியதில்லை. மூன்று வருஷக் கணக்கு, முன்பணம் எல்லாம் அதில் இருக்கும். அந்தக் குடும்பத்துப் பேரன் படம் எடுக்கப் போகும்போது மட்டும் கட்டைவிரலோடு நின்றுவிட்டார். நண்பர்களிடம் காகிதம் கேட்டால் சந்தேகப்படுகிறான் என்று நினைப்பார்களோ என்ற கூச்சம்தான். இந்தக் கூச்சத்தைச் சினிமாவில் சேருகிற எல்லாரிடமும் பார்க்கிறேன்.

மூன்று வரி சட்டத்தில் என்ன ஆனது

லாபத்தைப் பிரித்துக்கொள்வோம் என்று மட்டும் எழுதினால் மற்றதையெல்லாம் 1932ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டம் தன் விருப்பப்படி நிரப்பிக்கொள்ளும். சேர்ந்து தொழில் செய்து லாபத்தைப் பங்கிட ஒத்துக்கொண்டவர்கள் பாகஸ்தர்கள் என்கிறது 4ஆம் பிரிவு. லாபத்தில் பங்கு இருப்பதாலேயே ஒருவர் பாகஸ்தர் ஆகிவிட மாட்டார், உண்மையான உறவு என்ன என்று பார்க்க வேண்டும் என்கிறது 6ஆம் பிரிவு. கேமராக்காரர் இந்த 6ஆம் பிரிவைப் பிடித்துக்கொண்டு, தான் வெறும் வேலைக்காரன் என்றார். “மூணு பேரும் சேர்ந்து பண்றோம்” என்ற வரி அவருக்கு எதிராக இருந்தது. நீதிமன்றம் இவர்களைப் பாகஸ்தர்கள் என்றே பார்க்கும் என்பது என் கணிப்பு. ஆனால் அடித்துச் சொல்ல முடியாது.

பாகஸ்தர் என்று ஆகிவிட்டால் 13ஆம் பிரிவு வருகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், தொழிலுக்காக உழைத்ததற்குப் பாகஸ்தருக்குச் சம்பளம் கிடையாது. இயக்குநர் மாதக்கணக்கில் எழுதியதும் கேமராக்காரர் இரவெல்லாம் எடிட் செய்ததும் கணக்கில் சேராது. லாபம் சமம் என்றால் நட்டமும் சமம். இதைச் சொன்னபோது கேமராக்காரர் முகம் போன போக்கைப் பார்த்திருக்க வேண்டும். நட்டத்தில் பங்கு என்பதை அவர் யோசித்ததே இல்லை. வெளியாருக்குத் தர வேண்டிய கடனுக்கு ஒவ்வொருவரும் முழுப் பொறுப்பு என்பது 25ஆம் பிரிவு. நடிகர்களின் பாக்கிச் சம்பளத்தை மூவரில் யாரிடம் வேண்டுமானாலும் முழுசாகக் கேட்கலாம்.

பணம் போட்டவரின் அப்பச்சி ஒருநாள் கூட வந்தார். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வக்கீல் தம்பி, அதெல்லாம் இருக்கட்டும். போட்ட பணத்துக்கு வட்டி உண்டா, இல்லையா?” என்றார்.

“முதலாப் போட்டிருந்தா, வட்டி உண்டுன்னு பேசியிருக்கணும், அண்ணே. பேசியிருந்தாலும் லாபம் வந்தாத்தான். முதலுக்கு மேல கடனாக் கொடுத்திருந்தா நூத்துக்கு ஆறு.”

“மாசத்துக்கா?”

“வருஷத்துக்கு.”

சிரித்துவிட்டார். ஆனால் கேள்வி சரியான இடத்தில்தான் குத்தியது. ‘செலவை இப்போதைக்கு நான் பாத்துக்கிறேன்’ என்றால் அது முதலா, கடனா? கூட்டைக் கலைக்கும்போது 48ஆம் பிரிவுப்படி வெளியார் கடனுக்கு அடுத்து பாகஸ்தர் கொடுத்த கடன், அதற்கு அடுத்துதான் முதல், மிஞ்சியது லாபம். எந்த வரிசையில் நிற்கிறோம் என்பதுதான் பணம் திரும்பி வருமா வராதா என்பதை முடிவு செய்கிறது. இதற்கு ஒரே ஒரு வரி கூடுதலாக எழுதியிருந்தால் போதும்.

இன்னொன்று: பதிவு செய்யாத கூட்டு, ஒப்பந்தப்படி வர வேண்டியதை வெளியாரிடம் கேட்டு வழக்குப் போட முடியாது (69ஆம் பிரிவு). ஓடிடி நிறுவனம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பணம் தராமல் இழுத்தால் இவர்களால் அசைய முடியாது. தங்களுக்குள்ளும் கூட்டைக் கலைக்கவும் கணக்குக் கேட்கவும்தான் வழக்குப் போடலாம்.

தொடர் யாருடையது

1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் சினிமாப் படத்தின் ஆசிரியர் தயாரிப்பாளர்தான், இயக்குநர் கிடையாது. தயாரிப்பாளர் என்றால் படத்தை எடுக்க முன்கை எடுத்துப் பொறுப்பேற்றவர். பணம் போட்டவர் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தார். ஆனால் நடிகர்களைப் பிடித்தது, தேதி வாங்கியது, சாப்பாடு ஏற்பாடு செய்தது எல்லாம் இயக்குநர். முன்கையும் பொறுப்பும் இரண்டாகப் பிரிந்து கிடந்தன. கூட்டு என்று கொண்டால் தொடர் மூவருக்கும் பொதுவான கூட்டுச் சொத்து. அப்படியென்றால் மூவரும் ஒத்துக்கொள்ளாமல் விற்க முடியாது.

கதை வேறு சங்கதி. பங்காளிச் சண்டை என்ற கருவுக்கு யாரும் உரிமை கொண்டாட முடியாது, 1978இல் ஆர்.ஜி. ஆனந்த் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. ஆனால் எழுதி முடித்த வசனப் பிரதி இயக்குநருடையது. உரிமையை மாற்றிக் கொடுப்பதென்றால் எழுத்தில் கையெழுத்தோடுதான் கொடுக்க முடியும் என்கிறது 19ஆம் பிரிவு. வாட்ஸ்அப் கட்டைவிரலை நம்பி அந்தப் பிரிவோடு மல்லுக்கட்ட எனக்குத் துணிச்சல் இல்லை. அதே பிரிவில் படம் எடுப்பவர்கள் கவனிக்காத இரண்டு துணைப் பிரிவுகள் இருக்கின்றன. காலம் எழுதாவிட்டால் உரிமை ஐந்து வருஷத்துக்குத்தான். இடம் எழுதாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்தான். கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் பார்க்க ஆள் இருக்கிற தொடருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

ஹார்ட் டிஸ்க் கேமராக்காரருடையது என்பதில் யாருக்கும் ஆட்சேபணை இல்லை. அதற்குள் இருக்கும் படம் அவருடையதாகிவிடாது. ஆனால் நடைமுறையில் டிஸ்க் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் ராஜா. வழக்குப் போட்டு மீட்கிறவரை ஓடிடி நிறுவனம் காத்திருக்குமா?

பாட்டு

நான் அதிக நேரம் செலவழித்தது இதில்தான்.

இசைப் பையன் தலைப்புப் பாட்டை ஒரு விநியோக நிறுவனம் வழியாக ஸ்பாட்டிஃபை போன்ற தளங்களில் ஏற்றியிருந்தார். அந்த நிறுவனம் வழக்கப்படி காணொளிகளில் வரும் பாட்டைத் தானாக அடையாளம் காணும் யூடியூபின் கன்டென்ட் ஐடியிலும் பாட்டைச் சேர்த்தது. தொடரின் ஒவ்வொரு பாகமும் அந்தப் பாட்டோடுதான் ஆரம்பிக்கும். இயந்திரம் அடையாளம் கண்டுகொண்டு கோரிக்கை போட்டுவிட்டது. பையனுக்கே முதலில் தெரியாது. பணம் போட்டவருக்கோ அது பச்சைத் திருட்டு. “பாட்டுக்குக் காசு கொடுத்தாச்சு, பாட்டு நம்மளுது” என்றார்.

2012க்கு முன்னால் இந்த வாதம் எடுபட்டிருக்கும். காசு கொடுத்து இசையமைக்கச் சொன்ன தயாரிப்பாளரே உரிமையாளர் என்று 1977இல் உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு இருந்தது. 2012 திருத்தம் அதை மாற்றியது. படத்தில் சேர்ந்த பாட்டானாலும் எழுதியவர், இசையமைத்தவர் உரிமை பாதிக்கப்படாது. அவர்கள் எழுதிக் கொடுத்தால் தயாரிப்பாளருக்குப் போகும். அப்படிக் கொடுத்தாலும், தியேட்டரில் படத்தோடு ஓடுவதைத் தவிர மற்ற பயன்பாட்டில் வரும் ராயல்டியில் அவர்களுக்கு உள்ள சமப் பங்கை விட்டுக்கொடுக்கவே முடியாது. ‘எல்லா உரிமையும் தந்துவிட்டேன்’ என்று பத்திரம் எழுதி வாங்கினாலும் அந்த அளவுக்கு அது செல்லாது. கையெழுத்துப் போடும்போது உலகத்திலேயே இல்லாத ஊடகத்துக்கான உரிமையும், தனியாகப் பெயர் சொல்லி எழுதியிருந்தாலொழிய, போகாது.

பாட்டு உரிமையை ஊடகவாரியாகப் பிரித்துப் பார்க்கிற வழக்கம் இந்த மண்ணுக்கு அந்நியம் இல்லை. காரைக்குடிக்காரரான ஏ.வி. மெய்யப்பச் செட்டியார் இசைத்தட்டு வியாபாரத்திலிருந்து சினிமாவுக்கு வந்தவர். காரைக்குடியை ஒட்டிய தேவகோட்டை ரஸ்தாவில் ஸ்டுடியோ போட்டு 1947இல் ‘நாம் இருவர்’ எடுத்தார். அதில் பாரதி பாடல்கள் உண்டு. பாரதி பாடல்களை ஒலியாகப் பயன்படுத்தும் உரிமையை அவர் தனியாக விலைக்கு வாங்கி வைத்திருந்தார். புத்தக உரிமை வேறு இடத்தில் இருந்தது. டி.கே.எஸ். சகோதரர்கள் தங்கள் ‘பில்ஹணன்’ படத்தில் பாரதி பாட்டு ஒன்றைச் சேர்த்தபோது விவகாரம் வழக்குவரை போனது. 1949இல் சென்னை மாகாண அரசு பாரதி படைப்புகளின் உரிமையை ஏற்றபோது மெய்யப்பச் செட்டியார் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். ஒரே பாட்டுக்கு அச்சு ஒரு கையில், ஒலி இன்னொரு கையில். தேவகோட்டை ரஸ்தாவைத் தாண்டித்தான் என் அலுவலகத்துக்கு வருகிறார் பணம் போட்டவர். இந்தக் கதையைச் சொன்ன பிறகு ‘திருட்டு’ என்ற பேச்சை விட்டார்.

அவர் பையன் மேல் யூடியூபில் காப்பிரைட் ஸ்ட்ரைக் (காணொளியை நீக்கச் சொல்லும் புகார்) போடப் போவதாகச் சொன்னதைத் தடுத்தேன். தன்னிடம் இல்லாத உரிமையை வைத்து ஸ்ட்ரைக் போட்டால் திருப்பி அடிக்கும். கன்டென்ட் ஐடி கோரிக்கைக்கு ஆட்சேபணை போட்டாலே அந்த இடைக்கால வருமானத்தை யூடியூப் நிறுத்தி வைக்கும். கோரியவர் பதில் சொல்ல 30 நாள். அந்த 30 நாளுக்குள் பேசி முடித்துவிடலாம் என்றேன். முடித்தோம். வருமானம் என்னவோ டீச்செலவுக்கு வருமா என்கிற அளவுதான்.

வீடு

செட்டிநாட்டு வீட்டில் படம் எடுக்க வருகிற வெளியூர்க் கம்பெனிகளே தடுமாறுகிற இடம் இது. இவர்கள் உள்ளூர்க்காரர்கள், அதனாலேயே அசட்டை. முகப்பும், பட்டாலை என்கிற கூடமும், வளவு என்கிற நடுமுற்றமும் எல்லாப் பங்குக்கும் பொது. வளவைச் சுற்றியுள்ள அறைகள்தான் பங்குவாரியாகப் பிரிந்தவை. பணம் போட்டவரின் அப்பச்சிக்கு ஏழில் ஒரு பங்கு. சாவி காவல்காரரிடம். “நம்ம வீடுதானே” என்று திறந்துவிட்டார்கள்.

வீட்டை வெளியிலிருந்து படம் எடுப்பதைப் பதிப்புரிமைச் சட்டம் தடுக்காது. கட்டடத்தைப் படத்தில் காட்டுவதற்கு 52ஆம் பிரிவில் விலக்கு உண்டு. பிரச்சினை உள்ளே நுழைவதில். பொது இடத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்த ஒரு பங்குக்காரர் தனியாக அனுமதி கொடுத்தால் மற்றவர்கள் கேட்கத்தான் செய்வார்கள். ஓடிடி நிறுவனம் கேட்ட கடிதத்தில் எல்லாப் பங்காளிகள் கையெழுத்தும் வேண்டும்.

சிங்கப்பூர் பங்காளி நோட்டீசில் நட்ட ஈடு கேட்டிருந்தார். போனில் பேசினால் அவர் மனசில் இருந்தது வேறு. நான்காம் பாகத்தில் படைப்பு (முன்னோருக்குப் படையல்) போடுகிற அறையை ஒரு நகைச்சுவைக் காட்சிக்குப் பின்னணியாக வைத்திருக்கிறார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். “தூணை விக்கிற மாதிரி கேலி பண்ணட்டும், தம்பி. அதுல பாதி உண்மைதான். சாமி காரியம் நடக்கிற இடத்துல கூத்தடிக்கிறதுதான் எங்களுக்கு ஒப்பலை” என்றார். பணம் வேண்டாம், அந்தக் காட்சியை எடுத்துவிட வேண்டும், வீட்டின் பெயர்ப்பலகை தெரியக்கூடாது. எடுத்துவிடலாம், ஆனால் எடிட் கோப்பு கேமராக்காரரின் டிஸ்க்கில். அவர் தருவதாக இல்லை. ஆக சம்பளத் தகராறு தீராமல் வீட்டுத் தகராறு தீராது, அது தீராமல் ஓடிடி கையெழுத்து இல்லை.

நடிகர்கள் விஷயம் சுலபமாக முடிந்தது. எழுத்தில் சம்மதம் கொடுத்த நடிகர் அதற்குப் பிறகு தயாரிப்பாளரின் பயன்பாட்டை மறுக்க முடியாது, வணிகப் பயன்பாட்டில் ராயல்டிக்கு உரிமை உண்டு என்கிறது 38அ பிரிவு. பாக்கிச் சம்பளத்தைக் கொடுத்ததும் எல்லாரும் கையெழுத்துப் போட்டார்கள்.

தீர்த்த விதம்

முதலில் டிஸ்க். உரிமை யாருக்கு என்ற பேச்சையே எடுக்காமல், மூல ஃபுட்டேஜையும் எடிட் கோப்புகளையும் மூன்று பிரதி எடுத்து ஆளுக்கொன்று. அதற்கு ஈடாகக் கேமராக்காரருக்கு ஒரு தொகை அன்றைக்கே கைமேல். பிரதி எல்லாரிடமும் போன நிமிஷமே அறையில் குரல்கள் இறங்கின.

பிறகு கேமராக்காரர் கூட்டிலிருந்து விலகினார். நட்டத்தில் பங்கு வேண்டாம் என்றவருக்கு அதுதான் நல்லது. சாமான் வாடகையும் எடிட்டிங் கூலியும் நிர்ணயமாகி, அதற்கு மேல் ஓடிடியிலிருந்து வரும் பணத்தில் ஒரு சிறு சதவீதம். அந்தச் சதவீதத்தை வரவில் எழுதினேன், லாபத்தில் எழுதவில்லை. கணக்குப் புத்தகம் தன் கையில் இல்லாதவருக்கு லாபத்தில் பங்கு என்பது பெயருக்குத்தான். செலவுப் பக்கத்தில் இன்னும் நாலு வரி எழுதினால் லாபம் காணாமல் போகும். இதற்கு இயக்குநர் கடைசிவரை முணுமுணுத்தார்.

மீதி இருவரும் கூட்டைப் பதிவு செய்தார்கள். போட்ட பணம் முதல் என்று தெளிவாக எழுதி, வரவில் முதலில் அது திரும்ப வேண்டும், வட்டி கிடையாது, இயக்குநருக்கு மாதச் சம்பளமாக ஒரு தொகை, மீதி சமம். மூன்று மாதத்துக்கு ஒரு ஐந்தொகை (வரவு செலவு, இருப்புக் கணக்கு). ஐந்தொகை யோசனை அப்பச்சியுடையது. எக்செலில் போட்டால் போதும் என்றதும் அவருக்குக் கொஞ்சம் வருத்தம். சேனலில் இருவருக்கும் நிர்வாகி அனுமதி. ஆட்சென்ஸ் ஒரு பெயரில்தான் வரும் என்பதால், வந்த ஏழு நாளுக்குள் கூட்டுக் கணக்குக்கு மாற்ற வேண்டும் என்று ஒரு வரி. தகராறு வந்தால் காரைக்குடியில் சமரசம், பிறகு மத்தியஸ்தம். பாகஸ்தர் ஒருவர் தன்னிச்சையாக மத்தியஸ்தத்துக்கு ஒத்துக்கொள்ள முடியாது என்பதால் இதையும் இருவரும் சேர்ந்தே எழுதிக்கொண்டார்கள்.

கதையை இயக்குநர் இந்தத் தொடருக்கு மட்டும் எழுதிக் கொடுத்தார். முழுநீளப் படம் அவருக்கே. தொடர் வெளியான பிறகு குறிப்பிட்ட காலம் கழித்துத்தான் எடுக்கலாம். பாட்டின் உரிமை பையனிடமே இருக்கிறது. தொடருக்கு உரிமம், உலகம் முழுக்க, காலம் எழுதி. அவர் விநியோக நிறுவனத்திடம் சொல்லி இந்தச் சேனலைக் கோரிக்கைப் பட்டியலிலிருந்து விலக்கினார். பாட்டுத் தனியாக ஓடினால் காசு அவருக்கு.

சிங்கப்பூர் பங்காளி கேட்ட காட்சியை எடிட்டில் எடுத்தபோது நான்காம் பாகம் கொஞ்சம் மெலிந்துவிட்டது. இயக்குநருக்கு அதில் ஆற்றாமை. எனக்கென்னவோ அந்தக் காட்சி இல்லாமல் பாகம் வேகமாகப் போகிறது. ஏழு கையெழுத்தில் ஆறு ஒரு வாரத்தில் வந்தன. ஏழாவது பங்கு இரண்டு அண்ணன் தம்பிகளுக்குள் இன்னும் பிரியவில்லை. இருவரும் ஒரே தாளில் கையெழுத்துப் போட மாட்டோம் என்றார்கள். தனித்தனித் தாளில் வாங்கினோம்.

இதற்குள் ஓடிடி நிறுவனம் மொத்த விலையை விட்டுவிட்டு, பார்க்கிற நேரத்துக்கு ஏற்பப் பங்கு தருவதாக மாறிவிட்டது. அதற்கும் சரி என்றார்கள். இரண்டாம் தொடருக்கு இயக்குநர் ஒரு வரி சேர்க்கச் சொல்கிறார்: கலை விஷயத்தில் தன் முடிவே இறுதி. பணம் போட்டவர் ஒத்துக்கொண்டார், ஒரு வரம்புக்கு மேல் செலவு போனால் இருவர் கையெழுத்தும் வேண்டும் என்ற நிபந்தனையோடு. அந்த வரம்புத் தொகையை இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.